புதிய மின்னஞ்சல் கணக்கு திறக்க மறுத்தால்: சொந்தச் சேர்வரில் பிழை தேடும் முறை

பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், தனியார் மருத்துவ நிலையம், பழைய மாணவர் சங்கம் என்று யாழ்ப்பாணத்தில் சொந்த டொமைனில் மின்னஞ்சல் நடத்தும் இடங்களில், அந்தச் சேர்வரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவருக்கு முழுநேர வேலை வேறாக இருக்கும். புதிய ஊழியருக்குக் கணக்குத் திறந்து கொடுத்த அன்று பின்னேரமே அழைப்பு வரும்: "அண்ணை, பாஸ்வேர்ட் பிழை எண்டு சொல்லுது." அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் குறிப்பு. லினக்ஸ் சேர்வரில் அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்பிக்ஸும், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்கொட்டும் ஓடுகின்றன, கணக்குகள் ஒரு கோப்பிலோ மரியாடிபி தரவுத்தளத்திலோ இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறோம்.

போன் காட்டும் வாசகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சான்றிதழ் பிழை, மூடிய போர்ட் (சேர்வரின் வாசல் எண்), எழுத அனுமதி இல்லாத அஞ்சல் கோப்புறை என்று எது நடந்தாலும் பல செயலிகள் ஒரே வாசகத்தையே காட்டும்: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு. அதை நம்பிக் கடவுச்சொல்லை மாற்றினால் உண்மையான பிழை அப்படியே இருக்கும். கூடவே, பழைய கடவுச்சொல்லை வைத்திருக்கும் அலுவலகக் கணினியும் இரண்டாவது போனும் விடாமல் தட்டத் தொடங்கும். ஒரு கணக்கு வேலை செய்ய டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் பதிவு), போர்ட், டிஎல்எஸ் (பாதையை மறைகுறியாக்கும் முறை), கடவுச்சொல், அஞ்சல் பெட்டி, அனுப்பும் உரிமை ஆகிய எல்லாமே ஒத்துவர வேண்டும். எந்தப் படலையில் மறித்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதைச் சொல்லக்கூடியது சேர்வரின் லொக் (நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடு) மட்டும்தான்.

லொக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்

பயனரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, லொக்கை ஓடவிட்டபடி, இன்னொரு முறை உள்நுழையச் சொல்லுங்கள். டெபியன் லினக்ஸ் 12 இலிருந்து, லொக்கைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லொக் தானாக நிறுவப்படுவதில்லை. ஆகவே வழக்கமான இடத்தில் மெயில் லொக் கோப்பு இல்லை என்றால் பதற வேண்டாம். ஜேர்னல்சிடிஎல் கட்டளையை -எஃப் உடன் ஓடவிடுங்கள், எல்லாம் அங்கே வரும்.

பின்னர் பார்க்க நேர்ந்தால் நேரத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ வாடகைக்கு எடுத்த சேர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில்தான் எழுதும். பயனர் காலை 9.15க்கு முயன்றேன் என்றால் லொக்கில் 03.45ஐத் தேட வேண்டும். இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்துவிட்டு, "அந்த நேரத்தில் ஒன்றும் பதிவாகவில்லை" என்று முடிவெடுத்தால் மிச்சத் தேடல் முழுவதும் திசை மாறிவிடும்.

சேர்வர் உங்கள் கட்டடத்திலேயே இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு, மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பட்டரி தேய்ந்திருந்தால், கடிகாரம் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். சான்றிதழ்கள் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். நேரம் பின்னோக்கிப் பாய்ந்ததாக டவ்கொட் குறை சொல்லும். பழைய பதிப்புகள் அதோடு நின்றும்விடும். பட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு ஒத்துவைக்கும் குரோனியை நிறுவி, டைம்டேட்சிடிஎல் காட்டும் நேரம் சரியென்று பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

லொக்கில் ஒரு வரியும் வரவில்லையா?

அப்படியென்றால் போன் சேர்வரை எட்டவே இல்லை. கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பயனரின் போனில் வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் முயலச் சொல்லுங்கள். டேட்டாவில் வேலை செய்து அலுவலக வைஃபையில் செய்யாவிட்டால், முதல் சந்தேகம், தவறான முயற்சிகளைக் கண்டு முகவரியை மறிக்கும் ஃபெயில்டுபான் மேல்தான் விழ வேண்டும். பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே பொது ஐபி முகவரியிலிருந்துதான் வெளியே போகிறது. இயல்பான அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறான முயற்சி நடந்தால் அந்த முகவரி 10 நிமிடம் தடைப்படும். யாரோ ஒரு ஆசிரியரின் பழைய போன் பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டிருந்தால், முழு ஆசிரியர் அறையும் வெளியே நிற்கும். ஃபெயில்டுபான் கிளையன்ட்டிடம் டவ்கொட்டுக்கான சிறையின் (அதன் விதித் தொகுப்பின்) நிலையைக் கேட்டால் தடைப்பட்ட முகவரிகளைக் காட்டும். தடையை நீக்குவது ஒரு கட்டளை வேலை. ஆனால் எந்தக் கணக்குத் தட்டியது என்று கண்டுபிடித்து அந்தச் சாதனத்தைத் திருத்தாவிட்டால் அரை மணியில் மறுபடி தடை வரும். மொபைல் வலையமைப்புகளில் பல சந்தாதாரர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், தடைக் காலத்தை ஒரு நாள், ஒரு வாரம் என்று நீட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சேர்வர் கட்டடத்துக்குள்ளேயே இருக்க, வெளியிலிருந்து வேலை செய்து உள்ளிருந்து செய்யாவிட்டால், ரவுட்டர் தன் சொந்தப் பொது முகவரியை உள்நோக்கித் திருப்பவில்லை என்று பொருள். ரவுட்டரின் உள்ளக டிஎன்எஸ்ஸில் சேர்வர் பெயருக்கு உள் முகவரியைக் கொடுத்தால் தீரும்.

நாடு பார்த்து மறிக்கும் ஃபயர்வோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய மாணவர் சங்கக் கணக்குகளை ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திறப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பலருக்குத் தெரியாதது, அவுட்லுக் போன் செயலியும் விண்டோஸின் புதிய அவுட்லுக்கும் மைக்ரோசொஃப்ட் கிளவுட் வழியாகவே உங்கள் சேர்வருக்கு வருகின்றன என்பது. பயனர் கொக்குவிலில் இருந்தாலும் இணைப்பு வெளிநாட்டு முகவரியிலிருந்துதான் வரும். "இலங்கை மட்டும்" என்ற விதி இருந்தால் அவர்கள் எவராலும் கணக்கைச் சேர்க்க முடியாது. தண்டர்பேர்ட் வேலை செய்து அவுட்லுக் மட்டும் மறுக்கும்போது இதை முதலில் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பெயரும் போர்ட்டும் மிச்சம். தானாக அமைக்கும் வசதியை நம்பாமல் கையால் இடச் சொல்லுங்கள். உள்வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வெளிச்செல்வதற்கு போர்ட் 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அல்லது 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். பயனர் பெயர் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி. சில செயலிகள் @ குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் போட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் இதை வாய்ப்பாடமாகச் சொல்ல விருப்பமில்லை என்றால், தண்டர்பேர்ட் தேடும் ஓட்டோகொன்ஃபிக் கோப்பை உங்கள் டொமைனில் ஒருமுறை வைத்துவிடுங்கள்.

சான்றிதழில் நிற்பது

லொக்கில் எஸ்எஸ்எல் அக்செப்ட் தோல்வி என்று வந்தால் அதே வரியின் கடைசிச் சொற்களை வாசியுங்கள். "ரோங் வெர்ஷன் நம்பர்" என்றால் சான்றிதழில் பிழையில்லை. டிஎல்எஸ்ஸோடு தொடங்க வேண்டிய போர்ட்டில் மறைகுறியாக்கம் இல்லாமல் பேசுகிறார்கள். "அன்நோன் சிஏ" என்றால் போன் உங்கள் சான்றிதழை நம்பவில்லை. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் கோப்புகளில் ஃபுல்செயின் என்று பெயருள்ளதைத்தான் டவ்கொட்டுக்கும் போஸ்ட்பிக்ஸுக்கும் கொடுக்க வேண்டும். தனிச் சான்றிதழ் மட்டுமுள்ள கோப்பைக் கொடுத்தால் இடைநிலைச் சான்றிதழ் போகாது. இணையத் தளங்களைத் திறந்து பழகிய கணினி உலாவி இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம். மின்னஞ்சல் செயலி அப்படிச் செய்யாது.

சான்றிதழ் 90 நாள் செல்லும். செர்ட்பொட் கருவி அதைப் புதுப்பித்தாலும் டவ்கொட் பழையதையே நினைவில் வைத்திருக்கும்; போஸ்ட்பிக்ஸின் ஓடும் செயல்முறைகளும் சிறிது நேரம் அப்படியே. புதுப்பித்தலுக்குப் பின் இரண்டையும் ரீலோட் செய்யும் சிறு ஸ்கிரிப்டைச் செர்ட்பொட்டின் டிப்ளோய் ஹுக் கோப்புறையில் போட்டு வையுங்கள். காலாவதி நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த அறிவிப்பு அஞ்சல்கள் 2025 ஜூனில் நின்றுவிட்டதால், வேறு கண்காணிப்பு இல்லாவிட்டால் எவரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

பழைய அண்ட்ரொய்ட் போன்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் புழங்குகின்றன. 7.1.1க்கு முந்திய பதிப்புகளில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் இல்லை. அவற்றுக்காக இருந்த குறுக்குக் கையொப்பமும் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. சேர்வரில் எதையும் தளர்த்த வேண்டாம். அந்தப் போனில் ஓடும் ஃபயர்பொக்ஸ் பதிப்பு இருந்தால் வெப்மெயிலை அதன் வழியாகத் திறக்கச் சொல்லலாம், அது தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கிறது.

பெயரும் கடவுச்சொல்லும்

இங்கேதான் அதிக நேரம் போகும், இங்கேதான் அதிகம் தடுமாறுகிறோம். முதலில் டவ்கொட் அமைப்பில் ஓத் வெர்போஸ் என்பதை யெஸ் ஆக்கி ரீலோட் செய்யுங்கள். இப்போது லொக் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லும்: "அன்நோன் யூசர்" அல்லது "பாஸ்வேர்ட் மிஸ்மெச்". இரண்டும் வேறு வேறு நோய்.

அன்நோன் யூசர் என்றால் அந்தப் பெயரே பட்டியலில் இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் வேறுபாடுதான் பெரும்பாலான தடவை காரணம். தர்சினி என்ற பெயரை டி எழுத்தில் தொடங்குபவர் உண்டு, டிஎச் என்று தொடங்குபவர் உண்டு. நடுவில் எஸ் போடுபவர், எஸ்எச் போடுபவர், கடைசியில் ஐ போடுபவர், டபிள் ஈ போடுபவர். நிருவாகம் கொடுத்த பட்டியலைப் பார்த்து நீங்கள் திறந்தது ஒன்று, அவர் பிறந்ததிலிருந்து எழுதிவருவது இன்னொன்று. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னுக்கா பின்னுக்கா, இடையில் புள்ளி உண்டா இல்லையா என்பதும் அப்படியே. கணக்குத் திறக்கும் முன் தேசிய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பிழையாகத் திறந்துவிட்டால் அழித்துத் திறப்பதை விட, சரியான பெயரில் திறந்து, பிழையானதை அலைஸாக (சரியான பெட்டிக்கே திருப்பும் மாற்று முகவரியாக) வைப்பது நல்லது. பிழையான முகவரி ஏற்கெனவே எங்காவது அச்சாகியிருக்கலாம்.

பெரிய எழுத்துப் பிரச்சினையாகாது. போன் விசைப்பலகை முதல் எழுத்தைப் பெரிதாக்கினாலும், டவ்கொட் இயல்பாகவே பயனர் பெயரைச் சிறிய எழுத்தாக்கித்தான் தேடும். கடவுச்சொல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. வைபர், வாட்ஸப்பிலிருந்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளி இரண்டையும் கெடுக்கும்.

பயனர் பெயரில் அனுமதியில்லாத எழுத்து இருக்கிறது என்று லொக் சொன்னால், டவ்கொட் இயல்பாக ஏற்பது ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, இணைப்புக்கோடு, அடிக்கோடு, @ ஆகியவற்றை மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூட்டல் குறி கூட இல்லை. தமிழ் எழுத்தும் இல்லை. .இலங்கை டொமைன் 2010 முதல் இருப்பதால் முழுத் தமிழ் முகவரி கேட்பவர்கள் வருவார்கள், அது நியாயமான ஆசைதான். போஸ்ட்பிக்ஸ் 3.0 முதல் தமிழ் எழுத்து முகவரிகளைக் கையாளும், ஆனால் டொமைனின் தமிழ் வடிவத்தையும் எக்ஸ்என் என்று தொடங்கும் வடிவத்தையும் தானாக ஒன்றாக்காது. பட்டியல்களில் இரண்டையும் எழுத வேண்டும். டவ்கொட் 2.3இன் எல்எம்டிபி (போஸ்ட்பிக்ஸிடமிருந்து அஞ்சலை வாங்கும் பகுதி) இந்த வசதியை அறிவிப்பதில்லை என்பதால், அஞ்சல் போஸ்ட்பிக்ஸ் வரை வந்து, அங்கிருந்து உள்ளே போக முடியாமல் திரும்பிவிடும். இப்போதைக்கு முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்து, பெறுபவருக்குத் தெரியும் பெயரை முழுத் தமிழில் இடுவதே உறுதியான வழி. அது எல்லாச் செயலியிலும் ஒழுங்காக வரும்.

பெயர் பட்டியலில் இருந்தும் அன்நோன் யூசர் வந்தால், ஓத் கேஷ் (உள்நுழைவுப் பதில்களின் தற்காலிக நினைவு) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் திறக்கும் முன் யாராவது உள்நுழைய முயன்றிருந்தால், "இப்படி ஒருவர் இல்லை" என்ற பதிலை டவ்கொட் ஒரு மணி நேரம் வரை வைத்திருக்கும். டவ்கொட்டின் டவ்அட்ம் கட்டளையால் அந்தப் பயனரின் கேஷை அழித்தால் போதும். தரவுத்தளமென்றால், கணக்கு இயக்கத்தில் உள்ளதா என்று காட்டும் நிரல் 1 ஆக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பாஸ்வேர்ட் மிஸ்மெச் என்றால் சேர்வரிலேயே டவ்அட்ம் ஓத் டெஸ்ட் என்று கொடுத்து, முகவரியை எழுதி, கடவுச்சொல்லை இடுங்கள். அங்கே தேறினால் சேர்வர் சுத்தம். பயனர் இடுவது வேறு, அவ்வளவுதான். தண்டர்பேர்ட்டில் "மறைகுறியாக்கிய கடவுச்சொல்" என்ற முறை தெரிவாகியிருக்கலாம். கடவுச்சொல்லைத் திருப்பி வாசிக்க முடியாத ஹாஷாக வைத்திருக்கும் சேர்வரில் அது நடக்காது, "சாதாரண கடவுச்சொல்" என்று மாற்ற வேண்டும். பாதை டிஎல்எஸ்ஸால் மூடியிருப்பதால் பயமில்லை.

அங்கேயும் தோற்றால் சேமித்த ஹாஷ் பிழை. எஸ்எச்ஏ512-கிரிப்ட் ஹாஷ் 106 எழுத்து நீளம். முன்னால் அடைப்புக்குறியோடு வரும் முறைப்பெயரைச் சேர்த்தால் 120. தரவுத்தள நிரலை 100 எழுத்துக்குப் படைத்திருந்து, மரியாடிபி கண்டிப்பான நிலையில் இல்லாவிட்டால், வால் சத்தமின்றி வெட்டுப்படும். அதன்பின் எந்தக் கடவுச்சொல்லும் எந்நாளும் பொருந்தாது. நிரலை 255 ஆக்கி, கடவுச்சொல்லை மறுபடி இடுங்கள். ஹாஷ் $6$ என்று தொடங்கினால் எஸ்எச்ஏ512-கிரிப்ட், $2y$ என்றால் பிகிரிப்ட், $1$ என்றால் பழைய எம்டி5-கிரிப்ட். முன்னால் முறைப்பெயர் இல்லாமல் சேமித்திருந்தால், டவ்கொட்டின் இயல்பு முறை அதோடு ஒத்திருக்க வேண்டும்.

எந்தச் சாதனம் பழைய கடவுச்சொல்லோடு தட்டுகிறது என்று பிடிக்க ஓர் அழகான வழி: ஓத் வெர்போஸ் பாஸ்வேர்ட்ஸ் என்பதற்கு எஸ்எச்ஏ1:6 என்று கொடுங்கள். தவறான கடவுச்சொல்லின் ஹாஷிலிருந்து முதல் ஆறு எழுத்து மட்டும் லொக்கில் வரும். அதே ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு இயந்திரம். மாறி மாறி வந்தால் மனிதர் நினைவுபடுத்திப் பார்க்கிறார், அல்லது வெளியாள் துளாவுகிறார். கடவுச்சொல்லையே முழுதாக எழுதும் அமைப்பும் உண்டு, அதைத் தொடாதீர்கள். மற்றவர்களின் கடவுச்சொல்லை வாசிக்கும் உரிமை நமக்கில்லை.

உள்ளே போனார், ஆனால் பெட்டி திறக்கவில்லை

லொக்கில் லொகின் என்று வந்து, அடுத்த வரியிலேயே பிழை வந்தால், கடவுச்சொல் சரி; அஞ்சல் பெட்டியில்தான் சிக்கல். "பெர்மிஷன் டினைட்" என்ற வரி, எந்தக் கோப்புறை, எந்த யூஐடி (பயனர் எண்) என்பதையும் சேர்த்தே சொல்லும். பெரும்பாலானோர் விமெயில் என்ற பயனரை 5000 என்ற எண்ணில் படைத்து எல்லாப் பெட்டிகளையும் அவருக்கே உரிமையாக்குவார்கள். ரூட்டாக இருந்து கையால் கோப்புறை படைத்தாலோ, பழைய சேர்வரிலிருந்து பிரதி செய்தாலோ உரிமை மாறிவிடும். டொமைன் கோப்புறை முழுவதையும், உரிமை மாற்றும் சவுன் -ஆர் கட்டளை கொண்டு விமெயிலுக்குக் கொடுங்கள். புதிய கணக்குக்குக் கோப்புறையைக் கையால் படைக்கவே வேண்டாம்; முதல் அஞ்சலோ முதல் உள்நுழைவோ தானே படைத்துக்கொள்ளும். யூஐடி 500க்குக் கீழே இருந்தால் டவ்கொட் இயல்பாகவே மறுக்கும். எல்லையைக் குறைக்காமல் எண்ணை மாற்றுங்கள்.

டவ்அட்ம் யூசர் என்று முகவரியோடு கொடுத்தால், அந்தக் கணக்குக்கு டவ்கொட் கருதும் யூஐடி, வீட்டுக் கோப்புறை, அஞ்சல் இருக்கும் இடம் எல்லாம் வரும். அந்தப் பாதையும் வட்டில் உள்ள பாதையும் ஒரே மாதிரியா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

டெபியன் 13க்கு மேம்படுத்தியவர்களுக்கு இது தனிச் சோதனை. அதோடு வருவது டவ்கொட் 2.4, பழைய அமைப்புக் கோப்பை அது ஏற்காது. கோப்பின் தலையில் அமைப்புப் பதிப்பு எண் கட்டாயம். மெயில் லொகேஷன் என்ற ஒற்றை வரி மெயில் டிரைவர், மெயில் பாத் என்று பிரிந்துவிட்டது. %d, %n போன்ற சுருக்கக் குறிகளுக்குப் பதில் நீண்ட வடிவம் வந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் 2.3க்கு எழுதப்பட்டவை, அவற்றிலிருந்து பாதி, இதிலிருந்து பாதி என்று ஒட்டாதீர்கள்.

வாசிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை

அனுப்புவது போஸ்ட்பிக்ஸின் வேலை, ஆனால் கடவுச்சொல்லை அது டவ்கொட்டிடம்தான் கேட்கிறது. மாஸ்டர் டொட் சிஎஃப் கோப்பில் சப்மிஷன் வரிகள் நிறுவும்போது குறிப்புகளாகவே இருக்கும்; முன்னுள்ள # குறியை எடுக்காவிட்டால் 587 திறக்காது. அதற்குக் கீழேயுள்ள -ஓ வரிகளின் முன்னிருக்கும் இடைவெளியையும் சேர்த்து அழித்துவிட்டால் போஸ்ட்பிக்ஸ் கோப்பையே வாசிக்க மறுக்கும்.

லொக்கில் "கனெக்ட் டு பிரைவேட்/ஓத் ஃபெயில்ட்" என்றால் இரண்டுக்கும் இடையிலுள்ள சொக்கெட் (இணைப்புக் கோப்பு) இல்லை, அல்லது அனுமதி இல்லை. போஸ்ட்பிக்ஸின் ஸ்பூல் கோப்புறைக்குள் பிரைவேட் என்ற இடத்தில் ஓத் என்ற பெயரில், பயனரும் குழுவும் போஸ்ட்பிக்ஸ், அனுமதி 0660 என்று டவ்கொட்டின் ஓத் சேவையில் எழுத வேண்டும். "ரிலே அக்செஸ் டினைட்" என்று 454 அல்லது 554 வந்தால், பயனர் உள்நுழையாமலே அனுப்ப முயல்கிறார்: செயலியில் வெளிச்செல்லும் சேர்வருக்கு "உள்நுழைவு தேவையில்லை" என்றிருக்கிறது, அல்லது போர்ட் 25 இடப்பட்டிருக்கிறது. இதற்கு மருந்தாக அலுவலக முகவரியை, உள்நுழையாமல் அனுப்ப அனுமதிக்கும் மைநெட்வேர்க்ஸ் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த வைஃபையில் ஒரு கணினிக்கு வைரஸ் பிடித்தால் உங்கள் சேர்வர் உலகத்துக்கெல்லாம் குப்பை அனுப்பும். டொமைனின் நற்பெயரை மீட்க வாரக் கணக்கில் ஆகும்.

553ஓடு "நொட் ஓன்ட் பை யூசர்" என்றால், அதிபர் என்ற பொது முகவரியில் அனுப்ப முயல்பவர் தன் சொந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறார். அனுப்புநர் உரிமைப் பட்டியலில் அவரையும் சேர்க்க வேண்டும்.

அனுப்புகிறார், ஒன்றும் வருவதில்லை

வெளியிலிருந்து அனுப்பினால் 550 5.1.1 திரும்பி வருகிறது என்றால், எந்தப் பட்டியலில் தேடினேன் என்று போஸ்ட்பிக்ஸ் சொல்வதை வாசியுங்கள். "வேர்ச்சுவல் மெயில்பொக்ஸ் டேபிள்" என்றால் முகவரி அந்தப் பட்டியலில் இல்லை. கோப்பைத் திருத்திவிட்டு, அதிலிருந்து டேட்டாபேஸ் செய்யும் போஸ்ட்மெப் ஓடவிட மறந்திருக்கலாம். "மூலக் கோப்பை விட டேட்டாபேஸ் பழையது" என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். போஸ்ட்மெப் -க்யூ என்று முகவரியைக் கேட்டால் பட்டியல் என்ன பதில் சொல்கிறது என்று உடனே தெரியும். "லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்" என்றால், உங்கள் டொமைன் மைடெஸ்டினேஷன் (சேர்வரின் சொந்த லினக்ஸ் பயனர்களுக்கான டொமைன்கள்) வரியிலும் இருக்கிறது. டெபியன் நிறுவும்போது கேட்கும் கேள்விக்கு டொமைன் பெயரைக் கொடுத்தால் அது அங்கே போய்விடும். இரண்டு இடத்திலும் ஒரே டொமைன் இருக்கக் கூடாது, மைடெஸ்டினேஷனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

திரும்பியும் வரவில்லை, லொக்கிலும் இல்லை என்றால், அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பாருங்கள். சேர்வர் பெயரின் கடைசியில் புள்ளி விடுபட்டால், சில டிஎன்எஸ் பலகைகள் டொமைனை இன்னொரு தடவை பின்னால் ஒட்டிவிடும். எம்எக்ஸ், சிநேம் (மாற்றுப் பெயர்) பதிவைச் சுட்டவும் கூடாது. முதல் தடவை அனுப்பும் ஒருவரின் அஞ்சல் மட்டும் ஐந்து, பத்து நிமிடம் தாமதித்தால் அது கிரேலிஸ்டிங், அதாவது அறியாத அனுப்புநரைப் பிறகு வரச் சொல்வது. போஸ்ட்கிரே 300 வினாடி காத்திருக்க வைக்கும், பிழையல்ல. பெரிய இணைப்பு மட்டும் வராவிட்டால், போஸ்ட்பிக்ஸின் இயல்பான எல்லை 10,240,000 பைட். இணைப்பு அஞ்சலில் மூன்றிலொரு பங்கு பெருக்கும் என்பதால் ஏழரை எம்பிக்கு மேற்பட்ட ஸ்கேன் கோப்பு இடறும்.

கடைசியாக, புதிய கணக்கிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே மூலத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அனுப்புநர் உண்மையானவர் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் தேற வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். செய்திமடல் சேவைக்காக இரண்டாவது ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது, ஒன்றாக இணைத்து எழுதுங்கள். அதற்குள் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டவும் கூடாது. சேர்வரின் ஐபிக்குப் பின்னோக்கிய பெயர், அதாவது பிடிஆர், சேர்வர் பெயரோடு ஒத்திருக்க வேண்டும்; இதைச் செய்து தருபவர் சேர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனம்தான், டொமைன் விற்றவர் அல்ல. வீட்டு, அலுவலக இணைய இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்புவோர், அந்த முகவரி, குப்பை அஞ்சலைத் தடுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் (நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகள்) பட்டியலில் இருப்பதைப் பெரும்பாலும் காண்பார்கள். அங்கிருந்து வெளியே அனுப்ப ஒரு ரிலே சேவை தேவை. ஐபிவி4 எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் மட்டும் 550 என்று மறுத்து, ஐபிவி6 அல்லது பிடிஆர் என்று காரணம் சொன்னால், அஞ்சல் ஐபிவி6 வழியாகப் போகிறது, அந்த முகவரிக்குப் பிடிஆர் இல்லை. பிடிஆர் போடும்வரை போஸ்ட்பிக்ஸின் ஐநெட் புரோட்டோகோல்ஸ் வரியை ஐபிவி4 என்று மட்டும் வைத்து, ரீலோட் அல்ல, முழுதாக நிறுத்தி மறுபடி தொடக்குங்கள். இந்த மாற்றம் ரீலோடில் நடைமுறைக்கு வராது.